கொம்பு இடம் மாறினால், கொலுசு சுருங்கினால்: சேலத்துக் கடைக் கணினிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை, அம்மாப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை, கொண்டலாம்பட்டியில் லேசர் மெஷின் வைத்திருக்கும் ஒரு தம்பி, ஏற்காட்டில் காப்பித்தூள் பாக்கெட் போடும் ஒரு அக்கா. இந்த நாலு இடத்துக் கணினிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாலிலும் கட்டற்ற மென்பொருள்தான். வரைய இங்க்ஸ்கேப், ஃபோட்டோவுக்கு கிம்ப், பக்கம் கட்ட ஸ்க்ரைபஸ், இவற்றில் இல்லாத வேலையை நாமே சேர்த்துக்கொள்ள பைத்தான்.

ஃபோன் வந்தால் யாரும் பிழைச் செய்தியைப் படித்துச் சொல்வதில்லை. “தம்பி, கொம்பு பின்னாடி போயிடுச்சு”, “கொலுசு சின்னதா வருது” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதுவும் சரிதான், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. அதனால் இந்தக் குறிப்பையும் அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து படியுங்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எது கெட்டாலும் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றும் பழக்கத்தை விடுங்கள். இங்க்ஸ்கேப்பை நீக்கினாலும் உங்கள் அமைப்புகள், எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வேலைக்காக நாம் சேர்க்கும் சின்ன நிரல்கள்) எல்லாம் உங்கள் பயனர் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். புதிதாக ஏற்றியதும் அதே ஃபோல்டரைத்தான் மறுபடி படிக்கும். பிழை அங்கே இருந்தால் பத்து முறை ஏற்றினாலும் போகாது. அமைப்புதான் குழம்பியிருக்கிறது என்று தோன்றினால் எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் சிஸ்டம் பக்கம் போங்கள். அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பட்டன் அங்கேயே இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

எக்ஸ்டென்ஷனைப் போட்டேன், மெனுவில் வரவில்லை

இங்க்ஸ்கேப் எக்ஸ்டென்ஷன் என்பது பெரும்பாலும் இரண்டு கோப்புகள். ஒன்று ஐஎன்எக்ஸ்: மெனுவில் என்ன பெயர், என்னென்ன கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லும் சீட்டு. இன்னொன்று பிஒய்: வேலையைச் செய்யும் பைத்தான் நிரல். இரண்டும் சேர்ந்து பயனர் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரில் இருக்க வேண்டும். அந்த ஃபோல்டர் எங்கே என்று ஊகிக்காதீர்கள். மேலே சொன்ன சிஸ்டம் பக்கத்திலேயே அதன் முகவரி எழுதியிருக்கும், பக்கத்தில் அதைத் திறக்கும் பட்டனும் இருக்கும்.

ஏன் ஊகிக்கக் கூடாது? பட்டறை அண்ணன் கணினியில் நான் ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்ட கதை இது. கோப்பு சரி, பெயர் சரி, மெனுவில் மட்டும் இல்லை. கடைசியில் பார்த்தால் அந்த உபுண்டுவில் இங்க்ஸ்கேப் இரண்டு இருந்தது. ஒன்று நான் ஆப்ட், அதாவது உபுண்டுவின் சொந்த நிறுவும் கருவி, வழியாகப் போட்டது. இன்னொன்று அவர் மகன் மென்பொருள் கடையில் பெயரைப் பார்த்து அழுத்திய ஸ்னாப், தனிப் பொதியாக வரும் வேறு வகை. நான் கோப்பைப் போட்டது முதலாவதன் ஃபோல்டரில், அவர் தினமும் திறப்பது இரண்டாவதை. ஐகான் ஒன்றேதான், எப்படித் தெரியும்? ஸ்னாப், அதைப் போன்ற ஃப்ளாட்பேக் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். எது ஓடுகிறதோ அதன் ப்ரிஃபரன்சஸைத் திறந்து பார்த்தால் குழப்பமே இல்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

ஃபோல்டர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கோப்பின் பெயர்மேல் வலது க்ளிக் செய்து சேமித்தால், கோப்புக்குப் பதில் அதைக் காட்டும் வலைப்பக்கம்தான் வந்து உட்காரும். பெயர் ஐஎன்எக்ஸ், உள்ளே எல்லாம் ஹெச்டிஎம்எல். அங்கே ‘ரா’ என்ற பட்டனை அழுத்திச் சேமியுங்கள், அல்லது முழுத் தொகுப்பையும் ஜிப்பாக இறக்குங்கள். விண்டோஸ்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டும் பழக்கம் விண்டோஸுக்கு உண்டு. நோட்பேடில் எழுதிச் சேமித்த நிரல், பிஒய்க்குப் பின்னால் டிஎக்ஸ்டி வாலையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது நம்மைப் போல் காப்பியடித்துக் கற்பவர்களுக்கு வருவது. இருக்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்றை நகலெடுத்துப் பெயரை மாற்றி, ஐஎன்எக்ஸுக்குள் இருக்கும் ‘ஐடி’ வரியை மாற்ற மறந்துவிடுவோம். ஒரே ஐடியில் இரண்டு இருந்தால் இரண்டுமாக மெனுவில் வராது.

ஐஎன்எக்ஸில் கை வைத்தால் இங்க்ஸ்கேப்பை மூடித் திறக்க வேண்டும். பிஒய்யில் மாற்றினால் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் ஓடும். எதுவும் பிடிபடவில்லை என்றால் அமைப்பு ஃபோல்டரில் ‘எக்ஸ்டென்ஷன் எரர்ஸ்’ என்ற பதிவுக் கோப்பு இருக்கும். எந்த எக்ஸ்டென்ஷனை ஏன் ஏற்றவில்லை என்று இங்க்ஸ்கேப் அதில் எழுதி வைக்கிறது. யாரும் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

மெனுவில் வருகிறது, அழுத்தினால் பிழைப் பெட்டி

பெட்டியில் இருபது வரி இருக்கும். கடைசி வரியை மட்டும் முதலில் படியுங்கள். பைத்தான் சொல்ல வந்ததை அங்கேதான் சொல்லும், மேலே இருப்பது அது நடந்து வந்த பாதை.

கடைசி வரி ஏதோ ஒரு மாட்யூல் (பைத்தானுக்கான துணைத் தொகுப்பு) இல்லை என்றால், முதல் கேள்வி: எந்தப் பைத்தானில் இல்லை? விண்டோஸில் இங்க்ஸ்கேப் தன் பைத்தானைத் தானே கொண்டுவருகிறது. நீங்கள் தனியாகப் போட்ட பைத்தானில் பிப் என்ற பைத்தான் நிறுவும் கருவி வழியாக எதைச் சேர்த்தாலும் இங்க்ஸ்கேப்புக்குத் தெரியாது. உபுண்டு, மின்ட்டில் ஆப்ட் வழியாகப் போட்ட இங்க்ஸ்கேப் கணினியின் பொதுப் பைத்தானைப் பயன்படுத்துகிறது. அதற்கு லெக்ஸ்எம்எல், நம்பை முதலிய மாட்யூல்களையும் ஆப்ட் வழியாகவே போடுங்கள்.

இங்கே ஒரு கிளைப் பிழை. புதிய உபுண்டு, டெபியனில் நேராகப் பிப் போட்டால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று சொல்லி மறுத்துவிடும். டெபியன் 12 முதல் இப்படித்தான். கணினியின் பொதுப் பைத்தானை ஆப்ட் ஒரு பக்கம், பிப் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது என்பதற்கான தடை அது. தடையை மீறவும் ஒரு வழி உண்டு, பிப் கட்டளையோடு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று சேர்த்தால் போதும். பெயரிலேயே உடைப்பேன் என்று எழுதியிருக்கிறது, நம்பிவிடுங்கள். பத்திரிகைக் கடையில் முகூர்த்த சீசன் நடுவில் நான் அதைச் செய்ய மாட்டேன். உங்கள் சொந்த நிரல் என்றால் வென்வ் என்ற தனி அறை கட்டி அதில் வேண்டியதைப் போடுங்கள். ஆனால் அந்த அறைக்குள் போட்டது இங்க்ஸ்கேப்புக்குத் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசி வரி ‘சின்டேக்ஸ் எரர்’ என்றால் எக்ஸ்டென்ஷனின் வயதைப் பாருங்கள். 2020 மே மாதம் வந்த இங்க்ஸ்கேப் 1.0 முதல் எக்ஸ்டென்ஷன்களின் உள் நூலகமான இன்கெக்ஸ் பெரிதும் மாறியது, பைத்தான் 3-க்கே எல்லாம் வந்துவிட்டன. 0.92 காலத்து எக்ஸ்டென்ஷன்கள் பல இதில் ஓடாது. அவற்றைத் திருத்தி வெளியிட்ட புதிய பிரதி இருக்கிறதா என்று தேடுவது, நாமே உட்கார்ந்து திருத்துவதைவிடச் சீக்கிரம் முடியும். இன்னொரு காரணம் ஃபோன். வாட்ஸப்பில் நிரலை அனுப்பி அங்கிருந்து ஒட்டினால், நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கலாம். பைத்தானுக்கு வளைந்த குறி பிடிக்காது. நிரலைக் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, பெட்டியே வரவில்லை, ஆனால் படம் திரும்பி வரவில்லை அல்லது கோப்பைப் படிக்க முடியவில்லை என்று இங்க்ஸ்கேப் புலம்புகிறது என்றால்? எக்ஸ்டென்ஷன் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது உடனே பிடிபடும். பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, முடிந்த வேலையை எடை போட்டுத் திரும்ப வாங்குவார்கள் அல்லவா, அதே கணக்கு. இங்க்ஸ்கேப் உங்கள் படத்தின் எஸ்விஜி (இங்க்ஸ்கேப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) நகல் ஒன்றைப் பைத்தானிடம் கொடுக்கிறது. பைத்தான் தன் வெளியீட்டில் எதைத் திருப்பித் தருகிறதோ அதை அப்படியே புதுப் படமாக வாங்கிக்கொள்கிறது. நடுவில் சோதனைக்காக நீங்கள் ஒரு ‘பிரின்ட்’ வரி எழுதியிருந்தால், அந்தச் சொற்களும் படத்தோடு கலந்து போய்விடும். வெள்ளியோடு மண் கலந்த மாதிரி. சோதனைச் செய்தி வேண்டுமானால் இன்கெக்ஸின் ‘எரர்எம்எஸ்ஜி’ ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அது வேறு வழியாகப் போய்ப் பெட்டியில் தெரியும், படத்தைத் தொடாது.

கொலுசு சின்னதாக வருகிறது

பட்டறை அண்ணனுக்கு நான் எழுதிக்கொடுத்த எக்ஸ்டென்ஷன் ஒரே ஒரு வேலை செய்யும். ஒரு கண்ணியை வரைந்து தேர்ந்தெடுத்தால், அதை 6 மி.மீ. இடைவெளியில் 40 முறை அடுக்கும். 240 மி.மீ. ஆச்சு. கொக்கிப் பக்கத்துக்கு 14 மி.மீ. விட்டால் 254, அதாவது சரியாக 10 அங்குலம். அதைத் தாளில் அச்செடுத்துக் காலில் சுற்றிப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் சரி சொல்வார்கள்.

ஒரு நாள் பழைய டிசைன் கோப்பு ஒன்றைத் திறந்து அச்செடுத்தார். “10 அங்குலம் போட்டது ஒன்பதே காலுக்கு மேல கொஞ்சம்தான் வருது தம்பி. வெள்ளி மிச்சம்னு சந்தோசப்படலாமா?” என்றார்.

அளவுப் பிழையில் கண்ணால் தேடுவது வீண். வகுத்துப் பாருங்கள். வந்த அளவை, வர வேண்டிய அளவால் வகுத்தால் வரும் எண்ணே எங்கே தப்பு என்று சொல்லிவிடும். அண்ணன் தாளை ஸ்கேலில் அளந்தேன், 238 மி.மீ. இதை 254-ஆல் வகுத்தால் 0.937. இது 90-ஐ 96-ஆல் வகுத்தால் வரும் எண். 2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முன் இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்திருந்தது. வலைத்தளங்களுக்கான சிஎஸ்எஸ் விதியோடு ஒத்துப்போவதற்காக 0.92 முதல் 96 ஆனது. பழைய கோப்பைத் திறக்கும்போது இங்க்ஸ்கேப் கேட்கும். இது எந்தக் காலத்தது, அளவை மாற்றட்டுமா என்று. நாம்தான் படிக்காமல் முதல் பட்டனை அழுத்திவிடுகிறோம். கோப்பைச் சேமிக்காமல் மூடி, மறுபடி திறந்து, அளவை மாற்றும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் 254 வந்து நிற்கும்.

வேறு எண்கள் வந்தால்? 0.75 என்றால் கோப்பை வாங்கிய மென்பொருள் அங்குலத்துக்கு 72 என்று எண்ணுகிறது. வேறு வரைகலை மென்பொருளுக்கு எஸ்விஜி அனுப்பும்போது இது அடிக்கடி வரும். 25.4 மடங்கோ 25.4-இல் ஒரு பங்கோ என்றால் யாரோ மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 3.78 என்றால் பிக்சலும் மில்லிமீட்டரும் குழம்பியிருக்கின்றன. 0.96, 0.94 என்று ஒரு ஒழுங்கில்லாமல் வந்தால் பிரின்டரின் ‘பக்கத்துக்குள் அடக்கு’ டிக்கை எடுத்துவிட்டு 100 சதவீதம் போட்டுப் பாருங்கள். கோப்பில் ஒரு குற்றமும் இருக்காது.

திரையில் 254-க்குப் பதில் 255 காட்டினால் பதற வேண்டாம். கோட்டின் தடிமனையும் சேர்த்து அளக்கிறது. 1 மி.மீ. கோடு பக்கத்துக்கு அரை மி.மீ. வெளியே நிற்கும். ப்ரிஃபரன்சஸில் டூல்ஸ் பக்கத்தில் ‘ஜியோமெட்ரிக்’ அளவைத் தேர்ந்தெடுத்தால் கோட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கும். அச்சு வெட்டுபவர்களுக்கு அதுதான் வேண்டும்.

அண்ணன் சொன்ன இன்னொரு அறிகுறி, 40 கண்ணியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரண்டரை அங்குலத்துக்குள் நசுங்கிக் கிடந்தது. இந்தப் பிழைக்கு நான்தான் பொறுப்பு. நிரலில் வெறும் 6 என்று எழுதியிருந்தேன். மில்லிமீட்டரை அலகாக வைத்த கோப்பில் 6 என்றால் 6 மி.மீ. பிக்சலை அலகாக வைத்த கோப்பில் 6 என்றால் 6 பிக்சல், அது 1.5875 மி.மீ. 40-ஆல் பெருக்கினால் 63.5 மி.மீ. நான் சோதித்ததெல்லாம் என் கோப்பில், அது மில்லிமீட்டர். அவர் திறந்தது வேறு. எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்கள் எண்ணை அலகில்லாமல் எழுதவே கூடாது. இன்கெக்ஸில் ‘யூனிட் டு யூயூ’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ‘6 மி.மீ.’ என்று அலகோடு கொடுத்தால் அந்தக் கோப்பின் கணக்குக்கு மாற்றித் தரும். ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்காக இரண்டு தடவை செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டியை எடுத்தேன்.

இப்போது பட்டறையின் ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் 100 மி.மீ. சதுரம் ஒன்று இருக்கிறது. அச்செடுத்ததும் முதலில் அதன்மேல்தான் ஸ்கேல் போகும்.

கொம்பு பின்னால் போய்விட்டது, எழுத்தெல்லாம் குப்பை

பத்திரிகைக் கடையிலிருந்து வரும் ஃபோனில் பாதி இதுதான். ஆனால் ‘எழுத்து சரியில்லை’ என்பது ஒரே நோய் அல்ல. எப்படிச் சரியில்லை என்று உற்றுப் பாருங்கள்.

தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகள் உட்காரும் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். பாமினியை ஏற்றினால் தற்காலிகமாகப் பிழைப்பு ஓடும். நான் யுனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றிவிடுவேன். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் தொகுப்பில் பாமினி, டிஸ்கி முதலிய பழைய குறியீடுகளை யுனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. எந்தக் குறியீடு என்று சரியாகச் சொல்ல வேண்டும், ஒன்றுக்கு ஒன்று இடம் வேறு. மாற்றியபின் பத்திரிகையில் நடுநடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் பாருங்கள். மணமகளின் ‘பிஇ’ பட்டமும் சேர்ந்து ஏதோ ஒரு தமிழெழுத்தாகியிருக்கும்.

தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறதா? அது மென்பொருளின் வயது. யுனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. ஸ்க்ரைபஸ் 1.4-க்கு அது தெரியாது. 1.5.3-இல் அந்த வசதி வந்தது. 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பு. ஆகவே ஸ்க்ரைபஸில் கொம்பு பின்னால் என்றால் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள், பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிகிறதா? அது தட்டச்சின் தப்பு. தட்டெழுத்துப் பழக்கத்தில் முதலில் கொம்பு, பிறகு க என்று அடித்திருப்பார்கள். உட்கார எழுத்தில்லாத கொம்பு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டையும் அழித்துவிட்டு முறையாக அடித்தால் தீர்ந்தது.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. பக்க அமைப்பு மட்டும் கலைந்து, வரி நீண்டு அடுத்த பக்கம் போனால், விண்டோஸில் லதாவில் கட்டிய பக்கத்தை லதா இல்லாத லினக்ஸில் திறந்திருக்கிறீர்கள். கடையில் எல்லாக் கணினியிலும் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், மீரா இனிமை, முக்த மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பிழை. பட்டறை விலைப்பட்டியலில் ‘கொலுசு’ என்று தேடினால் சில இடங்களில் கிடைக்கிறது, சில இடங்களில் கிடைக்கவில்லை. எதிரே கொலுசு என்றுதான் எழுதியிருக்கிறது! காரணம், ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் போடலாம். முதல் வகையில் ‘கொலுசு’ 6 குறிகள், இரண்டாம் வகையில் 7. பார்க்க ஒன்றேதான். பைத்தானோடு வரும் யுனிகோட்டேட்டா மாட்யூலில் ‘என்எஃப்சி’ முறையில் ஒரு தடவை ஓட்டினால் எல்லாம் 6 ஆகிவிடும். ஔவைக்குப் பதில் ஒகரமும் ளகரமும் அடித்து ‘ஒளவை’ என்று எழுதியிருந்தால் மட்டும் அது சரியாகாது. அது வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும்.

இதே காரணத்தால்தான் லேசர் தம்பியின் சாவிக்கொத்து எக்ஸ்டென்ஷனும் சொதப்பியது. பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தனித்தனி வட்டத்தில் போடும் நிரல் அது. ‘கொலுசு’ என்று கொடுத்தால் மூன்று வட்டம் வர வேண்டும். வந்தது ஆறு, அதில் மூன்றில் புள்ளி வட்டமும் வாலும். பைத்தான் எண்ணுவது குறிகளை, நாம் எண்ணுவது எழுத்துகளை. ஓப்பன்-தமிழில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்ற ஃபங்ஷன் கொ, லு, சு என்று நம் கணக்கில் பிரித்துத் தரும். அதைச் சேர்த்த பிறகு, “அண்ணா, ஸ்ரீதர்னு ஒரு ஆர்டர் இருக்குது, அதுவும் வருமா?” என்று கேட்டான். ஸ்ரீயையும் இரண்டு விதமாக எழுதலாம் என்ற கதையை அன்றைக்குச் சொல்லவில்லை.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து வரைபடமாக்கிவிட்டால் எழுத்துருப் பிரச்சினை அங்கே வராது. ஆனால் அதற்குப்பின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. மாப்பிள்ளையின் தாத்தா பெயர் கடைசி நேரத்தில் மாறும் என்பது எழுதப்படாத சட்டம். மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

சின்ன எழுத்து மங்கலாக அச்சாகிறது

இங்க்ஸ்கேப் திரை நிறங்களில் வேலை செய்வது. அதன் கருப்பு, ஆஃப்செட் அச்சில் நாலு மையும் கலந்த கருப்பாகப் பிரியலாம். தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்தின் ஓரம் நிறம் தட்டும். படத்தை ஸ்க்ரைபஸுக்குள் கொண்டுவந்து, எழுத்தின் நிறத்தைக் கருப்பு மை 100, மற்ற மூன்றும் 0 என்று மாற்றி, அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள்.

கிம்ப் புதுப்பித்தேன், பழைய பிளகின் போச்சு

2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தது. 2.10 காலத்துப் பைத்தான் 2 பிளகின்கள் (கிம்ப்பின் எக்ஸ்டென்ஷன்கள்) அதில் ஓடாது, அவற்றைப் புதிதாக எழுதத்தான் வேண்டும். புதிதாக எழுதியதும் வரவில்லை என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். பிளகின் கோப்பு அதே பெயருள்ள தனி ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும். லினக்ஸில் அந்தக் கோப்பை ஓட அனுமதிக்கும் டிக்கும் போட்டிருக்க வேண்டும்.

லேசர் மெஷினைக் கணினிக்குத் தெரியவில்லை

கேபிளை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள், மின்சாரம் மட்டும் கடத்தும் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டு மெஷினைத் திட்டுவதுதான் அதிகம். விளக்கு எரியும், தகவல் போகாது.

கேபிள் சரி என்றால், உபுண்டுவில் உங்கள் பயனர் ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். சேர்த்தபின் வெளியேறித் திரும்ப நுழைந்தால்தான் செல்லும். உபுண்டு 22.04-இல் இன்னொரு விசித்திரம். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளைக் கவனிக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற சேவை, யூஎஸ்பி இணைப்புக்கான சிஹெச்340 சில்லு வைத்த மலிவுப் பலகையைப் பிரெயில் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு நொடி தெரிந்து மறைந்தால் இதுதான். பிரெயில் கருவி இல்லாத கணினியில் அந்தச் சேவையை நீக்கிவிடலாம். விண்டோஸ் என்றால் சிஹெச்340 டிரைவர் போட வேண்டியிருக்கலாம்.

இணைந்தபின் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் வேகத்தை 115200 என்று வையுங்கள், மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் நிரல் உள்ள பலகைகளின் வழக்கமான வேகம் அது. மூலைகளில் மட்டும் கருகினால் ஜிஆர்பிஎல் அமைப்பில் 32-ஆம் எண்ணை 1 ஆக்குங்கள். அதுதான் லேசர் முறை. எம்4 கட்டளையோடு ஓட்டினால், மூலையில் வேகம் குறையும்போது ஒளியின் பலத்தையும் சேர்த்துக் குறைக்கும். அதோடு, “அண்ணா, இதுலயே வெள்ளித் தகடு வெட்டலாமா?” என்று தம்பி கேட்டான். இந்தச் சின்ன டயோடு லேசர் அட்டை, மெல்லிய பலகைக்குத்தான். வெள்ளி அதன் ஒளியைத் திருப்பி அடிக்கும்.

மலையில் கரண்ட் போனபின் எதுவும் ஏறவில்லை

ஏற்காட்டில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அக்காவின் கணினி அப்டேட் நடுவில் அணைந்தது. அதன்பின் எதை ஏற்றப் போனாலும், டிபிகேஜி (ஆப்டுக்கு அடியில் நிறுவும் கருவி) பாதியில் நின்றுவிட்டது என்ற செய்தி. பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் செய்தியே மருந்தையும் சொல்கிறது. டெர்மினலில் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு, டிபிகேஜியை ‘கான்ஃபிகர்’, ‘ஏ’ என்ற இரண்டு சொற்களோடு ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும்.

நெட் மெதுவாக இருக்கும் என்பதால் இங்க்ஸ்கேப்பின், நிறுவாமலே ஓடும் ஆப்இமேஜ் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டுதான் மலையேறுவேன். முதல் தடவை அதுவும் ஓடவில்லை. அனுமதி டிக்கைப் போட்டால் தானே எடுபட்டுவிடுகிறது. பென்டிரைவின் ஃபேட் வடிவத்தில் அந்த அனுமதியைக் குறித்துவைக்கவே இடமில்லை. கோப்பை ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அங்கே டிக் போட வேண்டும். அப்போதும் ஓடவில்லை, உபுண்டு 22.04 முதல் ஆப்இமேஜுக்கு வேண்டிய ‘லிப்ஃப்யூஸ்2’ என்ற துணைத் தொகுப்பு தானாக வருவதில்லை. அதைப் போட நெட் வேண்டும், நெட் கீழே இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுவதற்குப் பதில் அக்காவின் ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் பக்கம் கணினியைத் திருப்பி வைத்தோம்.

கரண்ட் போனபோது திறந்திருந்த லேபிள் படம்? ப்ரிஃபரன்சஸில் இன்புட்-அவுட்புட் பகுதியில் ஆட்டோசேவ் என்ற பக்கம் இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால் எந்த ஃபோல்டரில் நகல் வைக்கிறது என்றும் அங்கேயே எழுதியிருக்கும். அக்காவின் படம் அதில் கிடைத்தது. ‘சேர்வராயன் மலைக் காப்பி’ என்ற தலைப்பு வரை இருந்தது, விலை மட்டும் இல்லை. “அது நல்லதுதான் தம்பி, விலை நேத்தே ஏறிடுச்சு” என்று புது விலையை அடிக்கச் சொன்னார்.